மாலை போடாத படம்

என் வாய் சும்மா இருக்காது. கல்யாணமான புதிதில், "எம் பொண்டாட்டி வாயைத் தொறந்தா ஊரே சிரிக்கும்" என்று என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்போதெல்லாம், "செத்த சும்மா இருக்கியா" என்பதோடு சரி. அந்த வாயால் நான் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எங்கள் ஸ்டுடியோ திருக்கோகர்ணத்தில், டவுன் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அவர் வேலை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆல்பம் செய்வது, பாஸ்போர்ட் படத்தில் சாய்ந்த தலையை நிமிர்த்துவது, முகத்தில் எண்ணெய் வழிவதைத் துடைப்பதெல்லாம் என் வேலை. இன்னொரு வேலையும் உண்டு. ஒரு வீட்டில் யாராவது தவறிப்போனால் அன்றைக்கே பெரிய படம் வேண்டும், மாலை போட்டு வைக்க. ஆளுக்கொரு போன் வைத்திருக்கிற காலம்தான் இது. ஆனாலும் நம்ம பக்கத்துப் பெண்களுக்குத் தனியாக ஒரு படம் இருக்காது. பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், இல்லையென்றால் கல்யாணக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நிற்பார்கள். அழுது வீங்கிய கண்ணோடு யாராவது வந்து அந்தக் கூட்டப் படத்தை நீட்டி, "இதுல எங்க அத்தையை மட்டும் எடுத்துக் குடுங்க" என்பார்கள். நான் அத்தையை மட்டும் வெட்டி எடுப்பேன். பக்கத்தில் நின்றவர்களை அழிப்பேன். சேலை சரியாகத் தெரியாவிட்டால் வேறு சேலை உடுத்திவிடுவேன். அதற்கென்றே ஒரு மெரூன் பட்டு என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. எத்தனை பேருக்கு அதைக் கட்டிவிட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. பின்னால் நீலம் அடித்துவிட்டால் முடிந்தது. அத்தை தனியாக, நேராகப் பார்த்தபடி, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இருபது வருஷத்துக்கு மேல் இதைச் செய்து என் கண் கெட்டுப்போயிருந்தது. ஒரு ஆள் தனியாக, வெறும் சுவருக்கு முன்னால், நேராகப் பார்த்தால் போதும், எனக்கு அது ஒரே வகைப் படம்தான்.

ஒருநாள் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை ஒருவர் கடைக்கு வந்தார். அவர் மகள் கல்யாண ஆல்பம் நான் செய்ததுதான். "சனிக்கிழமை ஒரு மணி நேரம் வந்து எங்க ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் போட்டோ எடுக்கச் சொல்லிக் குடுங்களேன். ஆண்டு விழாவுல ஒரு கண்காட்சி வெச்சிருவோம்" என்றார். நான் படித்ததே ப்ளஸ் டூ வரைக்கும்தான். "நானா?" என்று கேட்டுக்கொண்டே தலையை ஆட்டிவிட்டேன். உள்ளுக்குள் ஆசைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

பதினெட்டுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அம்மா போன், அண்ணன் போன், மூலையில் விரிசல் விட்ட போன் என்று சனிக்கிழமைக்கு மட்டும் எடுத்து வருவார்கள். அந்த வாரம் எடுத்த படத்தை ஸ்மார்ட் கிளாஸ் டிவியில் போட்டுக் காட்டுவது, நான் பார்த்துக் கருத்துச் சொல்வது, இதுதான் வகுப்பு. கருத்தா சொன்னேன்? ஒருத்தி ஆட்டை எடுத்து வந்தாள். "ஆடு கொள்ளை அழகு. அதோட தலையை எங்கடி வெச்சுட்டு வந்த, பிரியாணிக் கடையிலயா?" என்றேன். வகுப்பே குலுங்கியது. இன்னொருத்தி கோபுரத்தைச் சாய்த்து எடுத்திருந்தாள். "கோபுரம் ஏன்டி தள்ளாடுது, டாஸ்மாக் போயிட்டு வந்துச்சா?" மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. வாரம் முழுக்க இருட்டு அறையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்குப் பதினெட்டுப் பிள்ளைகள் சிரித்தால் எப்படி இருக்கும்! யாருடைய படமோ அவள் எப்படிச் சிரிக்கிறாள் என்பதை நான் கவனிக்கவே இல்லை.

அந்தக் கூட்டத்தில் ஆவூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். ஐந்தாவது சனிக்கிழமை, நான் உள்ளே நுழைந்ததுமே என் கிட்டே வந்தாள்.

"மிஸ், இன்னிக்கு எம் படத்தை மொதல்ல பாருங்க."

"என்னடி அவசரம்?"

"பாத்தவுடனே ஒங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க மிஸ். போதும்."

டிவியில் படம் வந்தது. நீலம் அடித்த சுவர். அதற்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண்மணி, படிய வாரிய தலை, இழுத்துச் செருகிய முந்தானை. நேராகப் பார்த்தபடி, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பார்த்தவுடனே தோன்றியதைத்தானே கேட்டாள். "என்னடி இது, மாலை மட்டும்தான் பாக்கி!" என்றேன்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் அழவில்லை. டிவியில் சொருகியிருந்த வயரைப் பிடுங்கினாள். போனை எடுத்துக்கொண்டு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். மணி அடிக்கிற வரைக்கும் அந்தப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

"எங்கடி அந்த ஆவூர்க்காரி?" என்று கேட்டேன்.

ஆட்டுப் படக்காரி எழுந்து, "அவங்க அம்மாவுக்கு இதயத்துல வால்வு மாத்தணுமாம் மிஸ். திருச்சியில ஆபரேஷன். அன்னிக்கு அவ போட்ட படம் அவங்க அம்மாதான்" என்றாள்.

அன்று என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். தட்டில் கை வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"உசுரோட இருக்கிற பொம்பளையைப் பாத்தா அப்புடிச் சொன்ன?"

"தெரிஞ்சா சொன்னேன்? வெளையாட்டுக்குச் சொன்னேங்க."

"ஆபரேஷனுக்குப் போற பொம்பளை. ஏதாச்சும் ஒண்ணுன்னா அந்தப் புள்ளைக்கு ஆயுசுக்கும் ஒன் மொகந்தான் ஞாபகம் வரும். யோசிச்சியா?"

யோசிக்காமலா? அன்றிலிருந்து எனக்கு வேறு யோசனையே இல்லை. கடையில் யாராவது அழுத கண்ணோடு வந்து படத்தை நீட்டினால், ஆறுதல் சொல்வதற்கு முன்னால் படத்தில் இருக்கிற முகத்தைப் பார்ப்பேன். நீலச் சுவர் இல்லை, அந்த அம்மா இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். பெற்ற தாயைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறான் ஒருவன், அவன் எதிரில் நான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். என்ன பிழைப்பு இது என்று என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

சனிக்கிழமைகளில் வாயை அடக்கினேன். அடக்கினால் ஒரேயடியாக அடக்குகிற ஆள் நான். எதைக் காட்டினாலும் "சூப்பர்". இருட்டாக இருந்தாலும் "அருமை". கை ஆடியதில் கலங்கிப் பேய் மாதிரி இருந்ததையும் "நல்லா வந்திருக்குடி தங்கம்" என்றேன். மூன்று வாரம் இப்படிப் போனது. பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள் என்று பார்த்தால், ஒவ்வொருத்தியாகக் கொட்டாவி விட ஆரம்பித்தார்கள். படம் எடுக்காமலே வந்தவர்களும் உண்டு.

ஆட்டுப் படக்காரிதான் உடைத்துச் சொன்னாள். "மிஸ், கோவிச்சுக்காதீங்க. ஆட்டுக்குத் தலை எங்கடின்னு கேட்டீங்கல்ல? வீட்டுக்குப் போயி அழுதேன். அப்பறம் மறுநா அந்த ஆட்டைத் தொரத்தித் தொரத்தித் தலையோட எடுத்தேன். இப்ப என்ன எடுத்துட்டு வந்தாலும் சூப்பருங்கிறீங்க. நீங்க பாக்குறதே இல்ல மிஸ்."

"அழுதியா? ஏன்டி அன்னிக்கே சொல்லல?"

"எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இவள் சொன்னது சரிதானே. கிண்டல் அடித்தபோதும் நான் படத்தைப் பார்க்கவில்லை, எதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று பார்த்தேன். சூப்பர் என்றபோதும் பார்க்கவில்லை, எதைச் சொன்னால் வம்பு வராது என்று பார்த்தேன். இரண்டிலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. "சரி, இனிமே எப்புடித்தான் சொல்லணும்? நீங்களே சொல்லித் தொலைங்கடி" என்றேன். ஆளாளுக்குக் கத்தினார்கள். டிவியில போடாதீங்க மிஸ், கிட்ட வந்து பாருங்க. நல்லா இல்லேன்னா எது நல்லா இல்லேன்னு சொல்லுங்க. எல்லாக் குத்தத்தையும் ஒரே நாள்ல சொல்லாதீங்க, எனக்குக் கையே ஓடாது. நல்லா இருந்தா எங்க நல்லா இருக்குன்னு தொட்டுக் காட்டுங்க.

அன்றைக்கே டிவியை அணைத்தேன். பெஞ்சில் ஒவ்வொருத்தி பக்கத்திலும் போய் உட்கார்ந்து, அவள் கையிலேயே போனைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தேன். வாயைத் திறக்கும் முன் மனசுக்குள் பத்து வரைக்கும் எண்ணினேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நாலு, அஞ்சு எண்ணும்போதே நாக்கு துடிக்கும். ஆனால் ஏழு, எட்டு வரும்போது படத்தில் ஏதாவது ஒன்று கண்ணில் படும். கோபுரத்தைச் சாய்த்தவள் எடுத்த பஸ் படத்தில், ஜன்னலோரம் தூங்குகிற கண்டக்டர் முகத்தில் மட்டும் வெயில் விழுந்திருந்தது. "இந்த வெயிலைப் பாத்துத்தான எடுத்த?" என்று கேட்டேன். அவள் கண் விரிந்தது. "ஆமா மிஸ்! எப்புடித் தெரியும்?" என்றாள். அதற்குப் பிறகு, "பஸ் கம்பி ஒண்ணு குறுக்க ஓடுது பாரு, ஒரு எட்டு இங்கிட்டு நகந்திருந்தா போயிருக்கும்" என்றதும் அவளே மண்டையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் கடைசி பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மற்றது எல்லாம் பொய் மாதிரி தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தலைமை ஆசிரியையிடம் வீட்டு அடையாளம் கேட்டுக்கொண்டு, ஆவூர் பஸ் ஏறினேன்.

மாதா கோயிலைத் தாண்டி உள்ளே போகிற தெருவில் வீடு. வாசலில் வேப்பமரத்தடியில் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்த அம்மா கடலை உரித்துக்கொண்டிருந்தார். உயிரோடு, நல்லபடியாக, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் பத்து நாளில் ஆபரேஷன். அதற்காக அவர் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து லீவில் வருகிறார் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார்.

"வாங்க டீச்சர், வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க" என்றவர், வாசற்படியில் நின்ற மகளைப் பார்த்து, "மோர் கொண்டா" என்றார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மோர் வரவில்லை.

நான் சுற்றி வளைக்கவில்லை. "நான் ஒங்க படத்தைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டேன். சொல்லக்கூடாததைச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன்.

அந்த அம்மா சிரித்தார். "சொன்னா. மாலை மட்டுந்தான் பாக்கின்னீங்களாம்ல? சரியாத்தான சொல்லியிருக்கீங்க. நாந்தான் அதுக்குன்னே எடுக்கச் சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை. உள்ளே கூடத்துச் சுவரைக் கை காட்டினார். எழுந்து போய்ப் பார்த்தேன். மாதா படத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் மாலை போட்ட ஒரு படம். அவரைப் போலவே முகம். நீலப் பின்னணி. மெரூன் பட்டு. என் மெரூன் பட்டு.

"எங்க அக்கா. அதுக்கும் இதே நோவுதான். நாலு வருசமாச்சு. ஒங்க பக்கந்தான், திருக்கோகர்ணத்துல எங்கயோ குடுத்துப் பண்ணிட்டு வந்தாங்க. அக்கா சாகுற வரைக்கும் பட்டுச் சேலை கட்டுனதில்ல டீச்சர். அது யாரோ எவரோன்னு தோணும் எனக்கு. ஒரு கல்யாணப் போட்டோவுலருந்துதான் அக்காவை வெட்டி எடுத்தாங்க. அதுல அக்கா தோள்ல நான் கை போட்டிருந்தேன். அந்தக் கையையும் காணோம்."

அந்தக் கையை அழித்தது நான்தான். சொல்லிவிட்டேன். "அடப்பாவமே, நீங்கதானா" என்று மட்டும் சொன்னார். பிறகு தானே தொடர்ந்தார். "அதான், எனக்கு ஒண்ணுன்னா அந்த மாதிரி ஆயிறக்கூடாதுன்னு, எஞ்சேலையில, எங்க வீட்டுச் செவுத்துக்கு முன்னாடி ஒழுங்கா ஒண்ணு எடுத்து வையின்னு இவகிட்டச் சொன்னேன். மாட்டேன்னு ஒரே அழுகை. நான் விடல. அழுதுகிட்டேதான் எடுத்தா. எடுத்துட்டு என்னா சொன்னா தெரியுமா? 'மிஸ்கிட்டக் காட்டுறேன். என்ன விசயம்னு சொல்லமாட்டேன். அவங்க பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னாங்கன்னா இது அந்தப் படம் இல்ல. ஒனக்கு ஒண்ணும் ஆகாது'ன்னா."

பார்த்தவுடனே தோன்றுவதைச் சொல்லச் சொன்னாளே, இதற்காகத்தானா? தன் அம்மா உயிரையே என் வாயில் வைத்துவிட்டு அந்தப் பிள்ளை அங்கே நின்றிருக்கிறாள். நான் ஒரு சிரிப்புக்காக அதைத் துப்பியிருக்கிறேன்.

"அந்தப் படத்தைக் கொஞ்சம் காட்டச் சொல்லுங்க" என்றேன்.

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "அழிச்சுட்டேன்."

கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறாள் என்று தெரிந்தது. சரி, வராவிட்டால் போகட்டும் என்று அங்கேயே கூடத்துத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். முகங்களோடேயே குடும்பம் நடத்துகிறவள் நான், ஒரு தடவை பார்த்த படம் எனக்கு மறக்காது. கண்ணை மூடிக்கொண்டு பத்து வரை எண்ணினேன். அன்றைக்கு எண்ணாததையும் சேர்த்து எண்ணினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஆத்தா, கேளு. ஒங்க அம்மாவோட இடது கன்னத்துல மட்டும் வெளிச்சம் இருந்துச்சு. வாசக்கதவைத் தொறந்து வெச்சுத்தான் எடுத்திருக்க. கால் வெரலைத் தரையில அழுத்தி ஊனியிருந்தாங்க. முந்தானையில ஊக்குக் குத்தியிருந்துச்சு, அதைக் கையால மறைக்கப் பாத்திருந்தாங்க. அப்பறம் ஒண்ணு. ஒங்க கிளாஸுல மத்தப் பதினேழு பேரும் நின்னுகிட்டேதான் எடுக்குறாங்க, ஆடு மாடு மனுசன் எல்லாத்தையும் மேலேருந்து. நீ ஒருத்திதான் கீழ உக்காந்து, ஒங்க அம்மா கண்ணு ஒசரத்துக்கு போனைப் பிடிச்சு எடுத்திருந்த. நான் சொல்லிக்குடுக்காமயே. அது பெரிய விசயம்டி."

வாசலில் கடலை உரிக்கிற சத்தம் நின்றது.

"ஒரு குறையும் இருந்துச்சு. அதையும் சொல்லிர்றேன். அவங்க ஒன்னையப் பாக்கல, போனைப் பாத்தாங்க. பயந்து போயி உக்காந்திருந்தாங்க. நீயும் பயந்து போயிப் பிடிச்சிருந்த. ரெண்டு பேரு பயமும் படத்துல விழுந்திருச்சு. அவ்வளவுதான். அடுத்த தடவை பேசிக்கிட்டே எடு."

கதவு கொஞ்சம் திறந்தது. முகம் சிவந்திருந்தது. "அப்ப ஏன் மிஸ் அன்னிக்கு அப்புடிச் சொன்னீங்க?"

"சிரிக்க வைக்கணும்னு சொன்னேன். படத்தைப் பாக்காமலே சொன்னேன்" என்றேன். "நான் சொன்னதால ஒங்க அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தாலும் அதால ஒண்ணும் ஆகியிருக்காது. என் வாய்க்கு அவ்வளவு சக்தி கெடையாதுடி. டாக்டருக்குத்தான் இருக்கு."

"மாதாவுக்கு" என்று வாசலிலிருந்து அந்த அம்மா திருத்தினார்.

அவள் சமாதானம் ஆனாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. மோர் மட்டும் வந்தது. உப்புப் போடாத மோர். குடித்துவிட்டு வந்தேன். வருகிற வழியில் மாதா கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன், திருக்கோகர்ணத்தில் இறங்கி ஒரு தேங்காயும் உடைத்தேன். யார் கேட்டால் என்ன!

ஆபரேஷன் நடந்த அன்று கடையை மூடிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் மூடவில்லை. அன்றைக்கென்று ஒருவர் படத்தோடு வந்தார்; பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். படத்தில் யாரோ ஒரு தாத்தா. ஊர்வலத்துக்கு வேண்டும் என்றார். கூட நின்ற பேத்தியை அழிக்கப் போனவள், தாத்தா தோளில் கிடந்த அவள் கையைப் பார்த்து நிறுத்தி, "இந்தக் கை இருக்கட்டுமா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருக்கட்டும்மா" என்றார். சாயங்காலம் தலைமை ஆசிரியை போன் செய்து, ஆபரேஷன் முடிந்தது, கண் விழித்துவிட்டார்கள் என்றார். நான் கடையில் இருந்தபடியே சத்தம் போட்டு அழுதேன். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவர் பயந்து வெளியே போய்விட்டார்.

ஆறு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, கடைசி பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் அங்கிட்டு இங்கிட்டு எல்லாம் போய்விட்டுக் கடைசியாகத்தான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் போனை நீட்டினாள்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா, வாயை ஆவென்று திறந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நீட்டிய கை ஆட்டத்தில் மங்கிப்போயிருந்தது. தலைக்கு நேர் பின்னால் ஒரு ஸ்டாண்டு ஃபேன், மாதா கோயில் சொரூபங்களுக்கு இருக்கிற ஒளிவட்டம் மாதிரியே. ஆவூர்க்காரர்கள் சொல்கிற மாதிரி, சேசு மரி சூசையே! என் நாக்கு எப்படித் துடித்தது தெரியுமா? இதற்கு மட்டும் பத்து வகையில் கிண்டல் அடிக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன்.

"பாத்தவுடனே என்ன தோணுது மிஸ்?" என்றாள். அதே கேள்வி.

எட்டில் நின்றேன். "எந்திரிச்சு ஓடிப்போயி அடுப்புல பாலை அணைக்கணும்போல இருக்குடி" என்றேன். "அப்புடித் திட்டுறாங்க."

அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். "பால்தான் மிஸ்! பால் பொங்கிருச்சுன்னுதான் திட்டினாங்க!" அப்புறம் சிரித்தாள். அந்தப் பெண் சிரித்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டாள்.

"கண்ணு ஒன்னையத்தான் பாக்குது, போனை இல்ல. அது போதும் இந்தப் படத்துக்கு" என்றேன். "ஆனா அந்த ஃபேன்..."

"தெரியும் மிஸ். தள்ளி வைக்கத்தான் போனேன். அதுக்குள்ள திட்டுறதை நிறுத்திட்டாங்க."

"அப்ப ஃபேன் இருக்கட்டும்" என்றேன். கண்காட்சிக்குப் பிரிண்ட் போடும்போது பழக்கதோஷத்தில் என் கை அந்த ஃபேனை அழிக்கப் போனது. கையைத் தட்டிவிட்டுக்கொண்டு அப்படியே போட்டேன். அந்த அக்கா படத்தையும் புதிதாகப் போட்டேன். கல்யாணப் போட்டோவை அவர்களிடம் திரும்ப வாங்கி, பருத்திச் சேலையோடு, தோளில் கிடந்த தங்கச்சி கையோடு.

ஆண்டு விழா அன்று கொஞ்சம் தாமதமாகப் போனேன். ஹாலில் நுழைந்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. படங்கள் மாட்டியிருந்த பலகை நெடுகப் பிள்ளைகள் செவ்வந்திச் சரத்தை வளைவு வளைவாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆட்டுக்கு மேலே, பஸ்ஸுக்கு மேலே எல்லாம் சரம் உயரத்தில்தான் இருந்தது. ஒரே இடத்தில் மட்டும் ஆணி கழன்று, சரம் சரிந்து, அந்த அம்மா படத்தின் இரண்டு பக்கமும் மாலையாக விழுந்து கிடந்தது.

"எவடி கட்டுனது இதை!" என்று கத்திக்கொண்டே பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினேன். கை எட்டுவதற்குள் பின்னால் பேச்சுக் குரல் கேட்டது. திரும்பினால், மகள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா நிற்கிறார். இளைத்துத்தான் போயிருந்தார். படத்தை அண்ணாந்து பார்த்தார். சரத்தைப் பார்த்தார். ஆவூர்ப் பெண்ணின் முகம் வெளுத்துப்போனது. எனக்கு வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான்.

அந்த அம்மா மெதுவாக என் பக்கம் வந்து, "எறங்குங்க டீச்சர், விழுந்து வைக்கப்போறீங்க" என்றார். கையை உயர்த்தி, படத்தின்மேல் தொங்கிய சரத்தைக் கீழே நின்றபடியே இழுத்து அறுத்துத் தானே எடுத்தார். கையில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார்.

"எடுத்தவ இங்க நிக்கிறா, படத்துக்குப் போயிப் போட்டு வெச்சிருக்கீங்களே" என்று சொல்லி, அதை மகள் கழுத்தில் போட்டார்.